எட்டு வெள்ளை, ஏழு பழுப்பு

2008-ஆம் வருடம், ஜூன் மாதம். சுனாமி வந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. போர்ட் பிளேரில் மரைன் ஹில்லில் எங்கள் வீடு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி. மாடியில் நானும் என் மனைவியும். கீழே ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு இருந்தது.

படியை எண்ணுகிற ஆசாமியா என்று நினைக்காதீர்கள். அரசாங்க ஸ்டோரில் முப்பத்து மூன்று வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். அங்கே சரக்கு குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. ரிட்டயர் ஆன பிறகு எண்ணுவதற்கு ஸ்டோர் இல்லை, அதனால் வீட்டை எண்ணினேன்.

இந்தத் தீவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கப்பல் வரும்வரை எதையும் நீட்டிப்போம். கேஸ், வெங்காயம், பால் பவுடர், எதுவானாலும் 'மெயின்லேண்டிலிருந்து கப்பல் எப்போது, கையில் எவ்வளவு' என்று ஒரு கணக்குப் போட்டு, பாதிப் பாதியாக ஓட்டுவோம். சுனாமி சமயத்தில் என்னிடம் பதினாலு பிரஷர் மாத்திரைதான் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு இருபத்தெட்டு நாள் ஓட்டினேன். பிறகு டாக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திட்டினார். ஆனால் நான் பிழைத்துவிட்டேன் அல்லவா? அதனால் அது சரியான முறைதான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இந்தக் கதையைக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நான் ஏழு தடவை சொல்லியிருப்பேன். பதினோரு தடவை என்பது என் மனைவியின் கணக்கு.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது இருபத்தாறு வயது. பெரார்கஞ்ச் பக்கத்துக்காரி. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர்கள் அவள் வீட்டார். புருஷன் தெற்கே ஹட்பே துறைக்குப் போகிற போட்டில் லஸ்கர், அதாவது கப்பல் வேலையாள். ஏழெட்டு நாள் கடலில், இரண்டு நாள் வீட்டில் என்று இருப்பான். இரண்டு பிள்ளைகள். இரண்டுமே ஆபரேஷன். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "இன்னும் இரண்டு வருஷத்துக்கு அடுத்தது வரக்கூடாது. வந்தால் உன் உயிருக்கு நான் பொறுப்பில்லை" என்றே சொல்லியிருக்கிறார். இதை அவள் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவள் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு கேட்டாள்.

"ஐயா, மெட்ராஸ் கப்பல் எப்ப வருங்க?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் நான். காலண்டரை எடுத்துப் பார்த்தேன். காற்றுக் காலம், கடல் சரியில்லை, கப்பலில் ஏதோ ரிப்பேர் வேறு. "பதினாறாம் நாள்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "என் மாத்திரை அதிலதான் வருதாம். அடுத்த அட்டை இப்ப இல்லைன்னு ஆஸ்பத்திரி மருந்து கவுன்டர்ல சொல்லிட்டாங்க."

"என்ன மாத்திரை?"

"டெய்லி போடறதுங்க."

"சுகரா? தைராய்டா?"

அவள் எனக்குப் பின்னால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். "அந்த மாதிரிதாங்க" என்றாள்.

"எத்தனை இருக்கு?"

"வெள்ளை எட்டு இருக்கு. அப்புறம் பழுப்பு ஏழு. பழுப்பு சும்மா இரும்புச் சத்துதான், மருந்து வெள்ளையிலதான் இருக்குன்னு ஹெல்த் சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"அப்படின்னா பழுப்பு கணக்கில் வராது" என்றேன். நாள் பதினாறு. மாத்திரை எட்டு. மீதி இல்லாமல் வகுபடுகிற கணக்கு வாழ்க்கையில் அபூர்வம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு. மாத்திரை தீர்வதும் கப்பல் வருவதும் ஒன்றாக இருக்கும்."

"அப்படிப் போடலாங்களா?"

"நான் சுனாமி சமயத்தில்..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டிருக்கேங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக இறங்கிப் போனாள்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. ஒரு தாளில் பதினாறு கட்டம் போட்டு, போடுகிற நாளுக்கு டிக், போடாத நாளுக்குக் கோடு என்று அழகாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவள் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்ததைப் பார்த்து எனக்கு ஒரு பூரிப்பு.

பன்னிரண்டாம் நாள் காலை, சின்னப் பிள்ளைக்கு ஊசி போட வேண்டிய கணக்கைப் பார்க்க ஹெல்த் சிஸ்டர் வந்தார். மலையாளி. ஐம்பது வயதிருக்கும். எல்லாப் படியையும் ஏறி இறங்கி, இந்த மேட்டில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. நான் மேலே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு சிஸ்டரின் குரல் மட்டும்.

"பன்னெண்டு நாளாச்சு, இன்னும் ரெண்டு வெள்ளை எப்படி மிச்சம்? இப்ப நீ பழுப்புல அல்லவா இருக்கணும்? இந்தக் கட்டம் போட்டது ஆரு?"

பதிலுக்கு ஒரு விரல் மேலே காட்டியிருக்க வேண்டும்.

"அங்கிளே, ஒண்ணு இறங்கி வரணும்."

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினேன். என் மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

சிஸ்டர் மாத்திரை அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன மாத்திரைன்னு தெரியுமோ?"

"தைராய்டு."

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு என்ன மாத்திரை என்று தெரியும். நான் கட்டம் போட்டுக் கொடுத்ததுதான் தெரியாது.

"பிள்ளை உண்டாகாம இருக்கறதுக்கான மாத்திரை, அங்கிளே" என்றார் சிஸ்டர்.

டாக்டர் சொன்ன விஷயத்தை என் மனைவி அப்போதுதான் என்னிடம் சொன்னாள். அந்தப் பெண் சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றாள்.

சிஸ்டர் விடவில்லை. "அங்கிள் கணக்கு நல்லாப் போடுவீங்க அல்லே. எட்டும் ஏழும் எத்தனை?"

"பதினைந்து."

"கப்பல் எத்தனாம் நாள்?"

"பதினாறு."

"அப்போ?"

முப்பத்து மூன்று வருட சர்வீஸில் எத்தனையோ ஆடிட் பார்த்தவன். அந்த 'அப்போ' மாதிரி ஒரு கேள்வியை எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை. தினம் ஒன்றாக வெள்ளை எட்டையும், பிறகு பழுப்பு ஏழையும் போட்டிருந்தால் பதினைந்து நாள் சரியாக ஓடியிருக்கும். வெள்ளை ஒழுங்காகப் போட்டிருந்தால் பழுப்பு போடுகிற அந்த ஏழு நாளும் பாதுகாப்புதானாம். தினம் ஒன்று எடுக்கிற பழக்கம் விட்டுப்போகக்கூடாது, ரத்தமும் ஊறட்டும் என்றுதான் அதில் இரும்புச் சத்தை வைத்திருக்கிறார்களாம். பதினாறாம் நாள் புது அட்டை. தட்டுப்பாடே இல்லாத இடத்தில் நான் ரேஷன் போட்டிருக்கிறேன். ஊரையே எண்ணியவன் ஏழு மாத்திரையை எண்ணாமல் விட்டேன்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா என்ன தெரியுமோ? ஒரு நாள் கதவைப் பூட்டி, மறுநாள் தொறந்து போடறது. திருடன் எந்த நாள் வருவான்னு அங்கிளுக்குத் தெரியுமோ?" என்றார் சிஸ்டர். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "இந்தப் பன்னெண்டு நாள்ல அவன் வீட்டுக்கு வந்தானா?" என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"மூன்றாம் நாள் மதியம் இரண்டேகாலுக்கு ஹட்பே போட் வந்தது. ஐந்தாம் நாள் காலை ஆறரைக்குக் கிளம்பியது. நடுவில் இரண்டு ராத்திரி" என்றேன்.

மனைவி மெதுவாகத் தலையைத் தூக்கி, "இதையுமா எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள்.

போட் வருவதையும் போவதையும் எழுதிவைப்பது என் பழக்கம், ஆளைப் பற்றி அல்ல என்று விளக்க முயன்றேன். வாயை மூடச் சொல்லி ஜாடை காட்டினாள். ஆனால் சிஸ்டர் மட்டும், "அது உபயோகம்" என்று விரல் விட்டு எண்ணினார். அவசரத்துக்குப் போடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறதாம். மூன்று நாளுக்குள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளுக்குள் போட வேண்டுமாம். அது தாண்டிவிட்டது. இனிக் கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து டெஸ்ட் பண்ணினால்தான் நிச்சயமாகத் தெரியும். அதற்கு இன்னும் பதினாலு நாள்.

"நோட்புக் எடுத்து வரணும். எழுதணும். இனி ஆரும் வந்து கேட்டா, இதைப் படிச்சுச் சொன்னாப் போதும். சொந்தமா ஒண்ணும் வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

எழுதினேன். இன்றைக்கு ஒரு வெள்ளை, நாளைக்கு ஒரு வெள்ளை. பழுப்பைத் தொடாமல் நாளை மறுநாளே புது அட்டை. அதைத் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அவசரத்துக்கென்று இரண்டு அட்டை எப்போதும் வைத்திருப்பாராம், தன்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். ஏழு நாளைக்குப் புருஷன் ஆணுறை போட வேண்டும். தினமும் ஒரே நேரம், ராத்திரிச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு வெள்ளை மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுவிட வேண்டும், அன்றைக்கே இரண்டாகிவிட்டாலும் பயமில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால் உடனே ஒன்று போட்டுவிட்டு, பிறகு தினம் ஒன்று, ஏழு நாள் ஆணுறை, கூடவே சிஸ்டரிடம் ஓடி வர வேண்டும். மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. அடுத்த வீட்டுக்காரிக்கு ஒத்துக்கொள்கிறது என்று கேட்காமல் போடக்கூடாது, பிரஷர் இருப்பவர்களுக்கு இது ஆகாது.

நடுவில் என் மனைவி கேட்க ஆரம்பித்தாள். உடம்பு போடுமா, பால் கொடுக்கிறவள் போடலாமா, நிறுத்தினால் பிறகு பிள்ளை பிறக்குமா. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவளிடம் இத்தனை கேள்வி இருந்தது எனக்குத் தெரியாது. கடைசியில், "சிஸ்டர், இந்த மாத்திரை எங்க காலத்துலயும் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"உண்டாயிருந்ததே, அம்மே."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். நான் தலை நிமிராமல் எழுதினேன்.

சிஸ்டர் போன பிறகு, எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. "என்ன மாத்திரைன்னு என்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

அதுவரை அந்தப் பெண் என்னிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"சொல்ற மாதிரியா மூஞ்சிய வச்சிருந்தீங்க? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பதினாறை ரெண்டால வகுத்துட்டீங்க." பிறகு, சத்தமே இல்லாமல், "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ரெண்டையும் யாரு பாக்கறதுங்க?" என்றாள்.

நான் நோட்டை மூடிக்கொண்டு மாடி ஏறினேன்.

அடுத்த பதினாலு நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் மாங்காய்க் கீற்றில் உப்புத் தொட்டுச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலை கீழே யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். படியில் பாதி இறங்கிவிட்டேன். பெரிய பிள்ளை பல் விளக்கும்போது பேஸ்டை விழுங்கிவிட்டதாம். "அவ மூச்சு விடறதையெல்லாம் எண்ணாதீங்க" என்று மனைவி என் நாற்காலியை ஜன்னலிலிருந்து எடுத்து உள்ளே போட்டுவிட்டாள்.

புருஷன் அடுத்த போட்டில் வந்தான். வழக்கமாக என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிறவன், அன்று கேட்டருகே நின்று, "ஐயா, சாத் தின், பக்கா" என்றான். ஏழு நாள், உறுதி என்று ஹிந்தியில் ரிப்போர்ட் கொடுக்கிறான். கோபித்துக்கொள்வான் என்று பயந்துகொண்டிருந்தவன் நான். "பக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

டெஸ்ட் பண்ணுகிற பெட்டியை நானே வாங்கித் தருவது என்று தீர்மானித்தேன். செய்த தப்புக்கு அதாவது செய்ய வேண்டாமா? டவுன் பஸ் பிடித்து அபர்டீன் பஜார் போனேன். மருந்துக் கடையில் ஒன்பது பேர் நின்றார்கள். கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நின்றேன், பன்னிரண்டு பேரானது. வேறு வழியில்லாமல் போய், கடைக்காரரிடம் சின்னக் குரலில் ஹிந்தியில் கேட்டேன். அவர் எடுத்து வைத்தார். அதோடு வாங்கிக்கொண்டு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கை சும்மா இருக்குமா? காலாவதி தேதி பார்த்தேன். நாலு மாதம்தான் இருந்தது.

"இதைவிடப் புதுசு இருக்கா?" என்றேன்.

கடைக்காரர் உள்ளே இருந்த ஆளிடம், பஜார் முழுக்கக் கேட்கும்படி, அங்கிளுக்குப் பிரெக்னன்ஸி டெஸ்ட்டில் புது ஸ்டாக் வேண்டுமாம் என்று ஹிந்தியில் கத்தினார். புது ஸ்டாக் வந்தது. அதிலும் ஒன்று பழுதாக இருந்தால் என்ன செய்வது என்று இரண்டாகக் கேட்டு வாங்கினேன். திரும்பினால், என் பழைய ஆபீஸ் பியூன் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறான்.

"சாப், வீட்டில் நல்ல விசேஷமா?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு பெண்கள் என் மனைவியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவளுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ரசத்தில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாள் வந்தது. காலையில் போகிற முதல் சிறுநீரில்தான் பார்க்க வேண்டும் என்பதால் ஐந்தரை மணிக்கே மனைவி கீழே போய்விட்டாள். சிஸ்டரும் சொன்னபடி வந்துவிட்டார். அவர் பையிலேயே ஒரு டெஸ்ட் இருந்தது, இலவசம். நான் வாங்கிய இரண்டும் அப்படியே கிடந்தன. ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு. ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் மாடிப்படியில் கடிகாரத்தோடு நின்றேன். நிறைய ஐந்து நிமிடங்களைப் பார்த்தவன்தான், ஆனால் அன்றைக்கு நாலாவது நிமிடத்தில் எண்ணுவது விட்டுப்போய்விட்டது. சின்னப் பிள்ளை உள்ளே எதற்கோ அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி வெளியே வந்தாள். "ஒரு கோடு" என்றாள்.

"ஒன்றுதானா? நன்றாகப் பார்த்தாயா?"

"மூணு பேர் பார்த்தோம். ஒண்ணு வரைக்கும் எங்களுக்கும் எண்ணத் தெரியும்."

உள்ளே அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சிஸ்டர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே, தினம் மாத்திரை போடுவது கஷ்டமாக இருந்தால் வருடக்கணக்கில் இருக்கிற வேறு முறையும் உண்டு, அதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலைந்து வாக்கியம் தயார் பண்ணியிருந்தேன். "அம்மா, தப்பு என் பேரில்தான்" என்பது மட்டும் வந்தது.

அவள் முந்தானையை எடுத்தாள். "இனிமே எண்ணிக்கோங்க ஐயா, வேணாங்கல. ஆனா வெளிய சொல்லாதீங்க" என்றாள். சிஸ்டர் சிரித்தார், என் மனைவி சிரித்தாள், கடைசியில் அவளும் சிரித்தாள்.

அடுத்த வருடம் புருஷனுக்கு வேறு போட்டில் மாற்றலாகி அவர்கள் வீடு மாறிப் போனார்கள். போகும்போது அவள் பிள்ளைகள் இரண்டுதான்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்த நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் அதிலிருப்பதைப் படித்துச் சொல்லிவிட்டு, சிஸ்டரைப் பார்க்க அனுப்பிவிடுகிறேன். 'எத்தனை இருக்கு' என்று கேட்க இன்னமும் வாய் துடிக்கிறது, அதை அடக்கிக்கொண்டு முதலில் 'உட்காருங்கள்' என்கிறேன். ஆனால், எதிரே உட்கார்ந்திருப்பவர் கூச்சமில்லாமல் விஷயத்தைச் சொல்லும்படியாக என் முகம் இருக்கிறதா என்பதை மட்டும் என்னால் எந்தக் கணக்கிலும் சரிபார்க்க முடிவதில்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதை அவரிடமே கேட்டுவிடுகிறேன்.